மேல்தளம் ஒட்டவில்லை

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் அந்த லிஃப்ட் மெக்கானிக்கோடு ஒரு பத்து நிமிடம் பேசிப் பார்க்க வேண்டும். கதை கட்டுவதற்குக் கொஞ்சமாவது பொறுமை வேண்டும். அவனிடம் அது மருந்துக்கும் கிடையாது. நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே இரண்டு தடவை என் மேல் எரிந்து விழுந்தான். அவன் சொன்னதைத் தனியாகக் கேட்டேன். அவன் மனைவி சொன்னதையும் தனியாகக் கேட்டேன். ஒரே ஓர் இடத்தில்தான் வித்தியாசம். அந்த இடம்தான் இன்னும் என்னைத் தூங்க விடவில்லை.

வேலை செய்யும்போது கால் தவறி லிஃப்ட் பள்ளத்தில் விழுந்தவனுக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை, கட்டு, வீட்டோடு ஓய்வு. ஓய்வு என்பதே அவன் அகராதியில் கெட்ட வார்த்தை. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கோபம். வேகமாகச் சுற்றினால் அதைவிடக் கோபம். மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவாள். சோற்றோடு சேர்த்து வசவும் தின்றுவிட்டுப் போவாள்.

அவள் தம்பி பழைய வீடுகளை இடிக்கும் ஒப்பந்தக்காரன். அக்கா படும் பாட்டைப் பார்த்துவிட்டு, ஒருநாள் தட்டையான அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான்.

"என்ன மாப்ள இது?"

"காகிதக் கப்பல் மாமா. வெட்டி, மடிச்சு, ஒட்டணும். ரொம்பப் பழசு. இப்பல்லாம் கிடைக்காது."

"நான் என்ன ஸ்கூல் பையனா?"

"இல்ல மாமா. ஸ்கூல் பையன்னா சத்தம் போடாம செய்வான்."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஆள் ஏறும் இயந்திரத்தையே பிரித்து மாட்டுகிறவனுக்குக் காகிதம் எம்மாத்திரம் என்று அன்றைக்கே பெட்டியைப் பிரித்தான். பழுப்பேறிய கெட்டித் தாள்கள். தாள் நிறைய எண்கள், கோடுகள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பல் பல்லாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கழிவு என்று நினைத்து அத்தனையையும் நறுக்கித் தள்ளினான். பசை தடவ வேண்டிய இடமே அந்தப் பற்கள்தான் என்பது பிறகுதான் விளங்கியது. தாளைத் திட்டினான். அச்சடித்தவனைத் திட்டினான். கடைசியில் வேறு வழியில்லாமல் பின்பக்கம் ஒட்டுத் துண்டு கொடுத்துச் சரிக்கட்டினான்.

பசை அதிகமானால் தாள் கொப்புளம் போல உப்பியது. குறைந்தால் பிரிந்துகொண்டது. பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தொட்டு வைக்கக் கற்றுக்கொண்டான். மை தீர்ந்த பேனாவால் கீறிவிட்டு மடித்தால் கோடு நேராக விழும் என்பதும் பிடிபட்டது. விலா எலும்பு மாதிரி அட்டைகள் நின்றன. அவற்றின் மேல் கப்பலின் பக்கவாட்டுத் தாள்கள் ஏறின. மூடியில்லாத பெட்டி போல, முழங்கை நீளத்தில் ஒரு கப்பல் மேஜை மேல் உட்கார்ந்தது. வீட்டில் சத்தம் குறைந்ததை மனைவி கவனித்தாள். வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ஆரம்பித்துவிடுவானே!

அடுத்தது மேல்தளம். கப்பலை மூட வேண்டிய நீளத் தாள். ஒட்டினான். மேலே புத்தகம் வைத்தான். கொஞ்சம் கண்ணயர்ந்தான்.

விழித்துப் பார்த்தால் மேல்தளம் ஒரு முனையில் எழும்பி நின்றது. திறந்து வைத்த கதவு மாதிரி.

பசை சரியில்லை என்று பசைக்காரனைத் திட்டிவிட்டு மறுபடி ஒட்டினான். மறுநாள் மதியம் மறுபடி பெயர்ந்திருந்தது. பசை கல் மாதிரி காய்ந்துதான் இருந்தது. தாள்தான் கிழிந்திருந்தது. புரட்டிப் பார்த்தான். அடிப்பக்கத்தில் ஈரத் தடம். விரல்கள். அவன் கையைவிடச் சிறியவை.

"ஈரக் கையோட என் கப்பலைத் தொட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"பொம்பளை கை தடம் இருக்கு. இந்த வீட்டுல நீயும் நானும்தானே இருக்கோம்?"

"நான் இப்பதான் வந்து செருப்பையே கழட்டறேன். என் மேல ஏன் பாயறீங்க?"

மூடி ஒட்டிய மேல்தளத்தின் அடிப்பக்கத்தை வெளியிலிருந்து யாராலும் தொட முடியாது. அது அவன் புத்திக்கு எட்டவில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் மேல்தளத்தை ஒட்டி, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியையே தூக்கி வைத்தான். மதியம் மனைவி வந்தாள். சாப்பிட்டாள். மேஜையைக் கடந்து பால்கனிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள்.

டக்.

இஸ்திரிப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓரத்தில் தாள் பெயர்ந்திருந்தது.

அவனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஊன்றுகோலோடு தத்தித் தத்திப் போனான். பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான்.

"அங்கேயே நில்லு! அப்பதான் புத்தி வரும்!"

திரும்பி வந்து இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிவிட்டான். உள்ளங்கையால் மேல்தளத்தை அழுத்திப் பிடித்தான்.

தட்... தட்...

"தட்டு! நல்லாத் தட்டு!" என்று கதவைப் பார்த்துக் கத்தினான்.

தட்... தட்... தட்தட்தட்...

வேகம் கூடியது. கெஞ்சுகிற தட்டல் இல்லை அது. வெறி பிடித்த தட்டல். கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் குதித்தது.

அப்போதுதான் உணர்ந்தான்.

அடி உள்ளங்கையில் விழுந்தது.

தாளுக்கு அடியிலிருந்து.

சில்லென்று.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. பசை இல்லை... ஏதோ பிடித்திருந்தது.

கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவன் மனைவி பால்கனியின் அந்தக் கோடியில் நின்றாள். கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு. இரண்டு கை நிறையத் துணி.

அவள் தட்டவில்லை.

தட்டல் நிற்கவும் இல்லை.

கையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தான். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்தான். தாழ்ப்பாளை எட்டித் திறந்தான்.

சத்தம் சட்டென்று நின்றது.

மனைவி உள்ளே வரவில்லை. அவனைத் தாண்டி அறையைப் பார்த்தாள்.

"உள்ள யாருங்க?"

"யாரும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க. கதவை அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தி இடிச்சா. 'திற'ன்னு கத்தினா. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

அவன் காதில் எந்தக் குரலும் விழவில்லை. இதுதான் நான் சொன்ன வித்தியாசம்.

திரும்பிப் பார்த்தார்கள். மேல்தளம் சுக்குநூறாகக் கிழிந்து கிடந்தது. துண்டுகள் மேஜையின் மேல் மட்டும் இல்லை. தரையில், மேஜையிலிருந்து பால்கனிக் கதவு வரைக்கும், வரிசையாக...

மனைவி துணிகளைக் கீழே போட்டாள். குரல் உயரவில்லை.

"இன்னொரு தடவை என்னை வெளிய நிறுத்திக் கதவைப் பூட்டினா, அதுக்கப்புறம் நான் உள்ள வரவே மாட்டேன். பேயாவது பிசாசாவது... எனக்கு உங்க மேலதான் கோவம்."

அவன் தரையில் உட்கார்ந்தபடியே அவள் போட்ட துணிகளைப் பொறுக்கினான். அவன் அப்படிச் செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

மறுநாள் காலையில் மச்சினனை வரவழைத்தான். வாசலிலேயே சட்டையைப் பிடித்தான்.

"எங்கேர்ந்துடா எடுத்தே அந்தப் பெட்டியை?"

மச்சினன் முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. கடைசியாக இடித்த வீட்டில் ஓர் அறை இருந்ததாம். வெளித் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் வயதானவர், முதியோர் இல்லத்தில் இருக்கிறவர். மனைவி எப்போதோ சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வீடு இடிபடும் அன்று சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சுவர் விழுந்தபோதெல்லாம் பேசாமல் இருந்தவர், அந்த அறைக்கு ஆட்கள் போனதும் வாய் திறந்தார்.

"'அந்தக் கதவை மட்டும் மெதுவாத் திறங்கப்பா, அவ கோவமா இருப்பா'ன்னார் மாமா."

"உள்ள என்னடா இருந்துச்சு?"

"யாருமே இல்ல. எலும்புகூட இல்ல. ஒரு மேஜை, அது மேல இந்தப் பெட்டி. அதைப் பார்த்ததும் பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'அப்ப அவ எங்க?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். சொன்னா நீங்க பெட்டியைத் தொடமாட்டீங்கன்னு மறைச்சுட்டேன்."

"அந்த ஆளை எனக்கு இப்பவே பார்க்கணும்."

"முடியாது மாமா. நேத்து மதியம் செத்துட்டார். முதியோர் இல்லத்துலேர்ந்துதான் வர்றேன். அறைக்குள்ளேர்ந்து கதவைத் தட்டோ தட்டுன்னு தட்டியிருக்கார். நாலு பேர் சேர்ந்து தள்ளியும் திறக்கல. உடைச்சுக்கிட்டுதான் உள்ள போயிருக்காங்க."

"யாரு பூட்டினது?"

மச்சினன் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதாம் மாமா."