பட்டியலில் இல்லாத மெஷின்

லென்ஸ் தேய்க்கும் மெஷின் சித்தியின் மூக்குக்கண்ணாடிக் கடையை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. முந்தின நாள்தான் சித்தி திவால் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தாள். மனுவோடு இணைத்த சொத்துப் பட்டியலில் கடை அலமாரி இருந்தது, கைக்கடிகாரம் இருந்தது, இரண்டு நாற்காலிகள்கூட இருந்தன. மெஷின் மட்டும் இல்லை.

ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தை அவள். முப்பது கிலோ இருக்கும்.

"நாலு வருஷம் ஊர் ஊரா மூட்டை தூக்கினவதானே? ஒழுங்காப் பிடிடி. கால்ல போட்டுக்காதே, ஆஸ்பத்திரிக்குக் குடுக்க எங்கிட்ட காசில்ல."

சிரித்தேன். வாடகை வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், என் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் என் பயணப் பையை வைத்து மறைத்தோம்.

சித்தி பத்தொன்பது வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவள். ஒரு லென்ஸைக் கையில் எடுத்து, ஜன்னல் கம்பிக்கு எதிரே பிடித்து லேசாக அசைப்பாள். கம்பி கூடவே நகர்கிறதா, எதிர்ப்பக்கம் நகர்கிறதா என்று பார்த்தே கிட்டப்பார்வையா தூரப்பார்வையா, பவர் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். கால் பாயின்ட்டுக்கு மேல் தப்பாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஆம்பளைங்க மூஞ்சியை இவ்ளோ கிட்டத்துல பாக்குற வேலைடி இது. அதான் ஆசை விட்டுப்போச்சு" என்பாள்.

இருபத்தாறு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு இன்னொரு தெருவில் இரண்டாவது கடை போட்டாள். ஆறே மாதத்தில் அதற்கு எதிரே மூன்று மாடியில் ஒரு கண்ணாடிக் கடை வந்தது. வாடகைக்கு கிரெடிட் கார்டு, கார்டுக்குக் கட்ட போனிலேயே கிடைக்கும் கடன், அதற்குக் கட்ட இன்னொன்று. நாலு வருடம் ஊர் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது பதினோரு இடத்தில் கடன் இருந்தது. போன் அடித்தால் அதைத் துண்டால் மூடி வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். திவால் மனு என்றதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நம்ம வீட்டுல மஞ்சக் கடுதாசியா? வெளியில தலை காட்ட முடியுமாடி?"

"இப்ப மட்டும் காட்டுறேனாக்கா?" என்றாள் சித்தி.

வெள்ளிக்கிழமை வக்கீலம்மா வரச் சொன்னார். அடுத்த வியாழன் விசாரணை. "பயப்படாதீங்க. தொழில் பண்ற சாமான்ல யாரும் கை வைக்க மாட்டாங்க. அது இருந்தாத்தானே நீங்க சாப்பிட முடியும்? சட்டத்துல அதுக்கு விலக்கு இருக்கு. ஆனா எதையாச்சும் மறைச்சோம்னு வைங்க, கதை கந்தல். மனு தள்ளுபடி ஆகும். பதினோரு பேரும் மறுபடி வாசல்ல நிப்பாங்க. பொய்ச் சத்தியம்னு வழக்கு வேற வரும். எல்லாம் எழுதிட்டீங்கல்ல?"

சித்தி என்னைப் பார்க்கவில்லை. "எழுதிட்டேங்க" என்றாள்.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எடுக்கவே போகாத பொருளை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து ஒளித்துவைத்திருக்கிறோம்.

"மேல போய்ச் சொல்லிடலாம் சித்தி."

"சொன்னா பொய்க்காரி. சொல்லாட்டி திருடி. எதுடி பரவால்ல?"

சனிக்கிழமை கடைக்கு ஒருவன் வந்தான். கடன் கம்பெனி ஒன்றின் வசூல்காரன். சத்தமே போடாமல் மிரட்டுவான் என்பதால் சித்தி அவனுக்கு வைத்த பெயர் சமத்து.

"காசு கேக்க வரலக்கா. கேக்கக் கூடாதுன்னு கோர்ட்டுலேர்ந்து எங்களுக்கு நோட்டீஸ் வந்தாச்சு. கண்ணாடி லூசா இருக்கு, மூக்குல நிக்க மாட்டேங்குது."

சித்தி தேய்ந்த திருகாணியைக் கழற்றி, வேறொன்றை எடுத்தாள். அவன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். தூசுக்கு நடுவில் நான்கு சுத்தமான வட்டங்கள், மெஷினின் கால்கள் இருந்த இடம். தண்ணீர்க் குழாய் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்காக்கா?"

"ம்."

"எந்தக் கடையில?"

திருகாணி கீழே விழுந்தது. நானும் சித்தியும் குனிந்து தேடினோம்.

"சும்மாதான் கேட்டேன்" என்றான். சித்தி திருகாணியை முடுக்கிக் கொடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொங்கிய குழாயை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி ஒன்பது முறை போன் செய்தாள். "உங்க வீட்டு வாசல்ல வண்டி ஏதாச்சும் நிக்குதா பாரு." நான் அந்தக் கட்டிலில் படுப்பதையே விட்டுவிட்டேன். பாஷையே புரியாத ஊர்களில்கூட நிம்மதியாகத் தூங்கியவள், சொந்த வீட்டில் சோபாவில் சுருண்டு கிடந்தேன். யாருக்கும் தெரியாமல் மெஷினைத் திருப்பி வைத்துவிடலாம் என்றேன். "வெச்சா? பட்டியல்ல இல்லியே. அவன் வேற பாத்துட்டான்" என்றாள்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அதிகாரி வயதானவர். கடைசி பெஞ்சில் சமத்து, மடியில் ஒரு ஃபைல். சித்தியால் அதிகாரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கண்ணாடியைத்தான் பார்த்தாளாம். இடது லென்ஸ் சரியாக வெட்டப்படாமல் ஃபிரேமில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்ததாம்.

"இந்தப் பட்டியல்ல இல்லாத சொத்து ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

சமத்து ஃபைலைத் திறந்தான். தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஒரு மெஷின் இருக்குங்க சார்." அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே சித்தி சொன்னாள். "லென்ஸ் தேய்க்கிறது. நானேதான் மறைச்சேன். பறிச்சுக்குவாங்கன்னு பயம்."

"எங்க இருக்கு?"

"எங்க அக்கா பொண்ணு கட்டிலுக்கு அடியில."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சமத்து ஃபைலை மூடினான்.

"வக்கீலுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் நெடுநேரம் எழுதினார். மெஷின் இரண்டு நாளில் கடைக்குத் திரும்ப வேண்டும், ஆள் வந்து பார்ப்பார், மறைத்தது பதிவாகிறது, கடனிலிருந்து விடுதலை தருவதா இல்லையா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார். வெளியே வந்ததும் வக்கீலம்மா சொன்னார்: "வெள்ளிக்கிழமையே எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு வரி திருத்தம். இப்ப எத்தனை மாசமோ."

ஆள் வந்து பார்த்தார். விலக்கு உண்டு என்று மெஷினை விட்டுவிட்டார். விடுதலை மட்டும் வரவில்லை. சித்தி மாதாமாதம் வரவு செலவு எழுதிக் கொடுத்தாள். டீ குடித்ததைக்கூட எழுதினாள், எதையும் மறைத்ததாக ஆகிவிடக் கூடாதே என்று. ஒவ்வொரு தேதியிலும் அதிகாரி அந்தப் பழைய பக்கத்தைப் புரட்டுவார், அடுத்த தேதி கொடுப்பார். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஐந்தாவது மாதம் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன்.

விசாரணை நடந்து பதினாலு மாதம் கழித்து, ஒரு படகுத்துறையில் வரிசையில் நிற்கும்போது சித்தியிடமிருந்து செய்தி வந்தது. முதலில் ஒரு தாளின் படம், அதன் கீழே:

"ஆர்டர் வந்துடுச்சு. கடனெல்லாம் ரத்துன்னு வக்கீலம்மா சொல்றாங்க. நானும் நாலு தரம் படிச்சுட்டேன். என் பேரு சரியாத்தான் இருக்கு. நீயும் பெருசு பண்ணி ஒருவாட்டி படிச்சுப் பாருடி, எங்கயாச்சும் 'ஆனால்'னு இருக்கான்னு."