சோப்புக் கையோடு தின்ற சோறு

எனக்கு ஊர் பூலாம்பாடி. மூன்று வருடங்களுக்கு முன், “டூரிஸ்ட் விசாவுல போயி வேலை தேடிக்கலாம்” என்று ஏஜென்ட் ஒருவர் சொன்னதை நம்பி மலேசியா போனேன். தோளில் பையோடு பத்து நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு தமிழர் ஓட்டலில் தட்டு கழுவச் சொன்னார்கள்.

முதல் நாள் மதியமே விசா சோதிக்கும் அதிகாரிகள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். நான் பின்வாசல் பக்கம் ஓடப் பார்த்தேன். ஜெயங்கொண்டத்துக்காரரான சமையல் மாஸ்டர் என்னை இழுத்துப்போய் மேசையில் உட்காரவைத்து, முன்னால் ஒரு தட்டுச் சோற்றை வைத்தார்.

“ஓடுனா புடிச்சுடுவாங்க தம்பி. சாப்புட வந்தவனாட்டம் தின்னுக்கிட்டு இரு.”

கையில் சோப்பு நுரை காயவில்லை. அப்படியே பிசைந்து விழுங்கினேன். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அவர் பார்வை என் ஈரக் கையில் விழுந்தபோது இன்னொரு கவளத்தை அள்ளி வாயில் போட்டேன். விசா முடிய நாள் இருந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். என்னோடு தட்டு கழுவியவர் பின்வாசல் வழியாக ஓடினார். அவரைக் கைவிலங்கு போட்டு வண்டியில் ஏற்றினார்கள்.

மறுவாரமே ஊர் திரும்பிவிட்டேன். இப்போது எங்கள் பக்கம் யார் வெளிநாடு கிளம்பினாலும், வீடு தேடிப் போய் விசாவை வாங்கிப் படித்து, அதில் வேலைக்கு அனுமதி உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இருந்தாலும் கேட்காமல் விடுவதில்லை.