சாரல் நாளில் அரைத்த வெள்ளைச் சட்னி

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தேங்காய்ச் சட்னி ஏன் மத்தியானத்துக்குள் கெடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். புளிப்பு இல்லாத இடத்தில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அரைக்கும்போதே புளியோ எலுமிச்சையோ தாராளமாகச் சேர்த்தால் அவை பெருகுவது மட்டுப்படும். பூண்டு கொஞ்சம் ஒத்தாசை செய்யும், அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிந்தவன் போன வருடம் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

மனைவி போனபின் தென்காசி வீட்டில் நான் ஒருவன்தான். பெங்களூரில் இருக்கும் மகள் குற்றால சீசனுக்கு மட்டும் பிள்ளையோடு ஒரு நாள் வந்து போவாள். அந்த ஒரு நாள் சமையலுக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்னதில்லை. அன்று காலையிலேயே தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய் வைத்து அரைத்து முடித்துவிட்டேன். அதன்பிறகு அருவியிலிருந்து மகள் போன் செய்தாள்.

"கூட்டம் நெரியுதுப்பா. வர மூணு மணி ஆயிரும். சட்னியில புளி போட்ராதீங்க, பிள்ள வெள்ளச் சட்னிதான் கேக்குறா."

ஃப்ரிட்ஜில் வைத்தால் தேங்காயின் ருசி போய்விடும். வெளியே சாரல், சிலுசிலுவென்று காற்று. சாரல் நாளில் சட்னி கெடும் என்று எங்கள் ஊரில் யாரும் நினைப்பதில்லை. நானும் மூடி மேஜைமேல் வைத்துவிட்டேன். நமக்குக் குளிர்வதெல்லாம் கிருமிக்குக் குளிராது என்று எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருப்பேன்!

இரண்டு மணிக்கு முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. இருந்தும் மனசு கேட்காமல், பேத்தி முகம் சுளிக்காத அளவுக்கு நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்து கலக்கினேன். ஏற்கெனவே பெருகிவிட்டவற்றைப் பிந்தி வந்த புளிப்பு ஒன்றும் செய்யாது. கொட்டிவிட்டுப் புதிதாக அரைக்கலாம்தான், ஆனால் வீட்டில் வேறு தேங்காய் இல்லை. கடைக்குப் போன நேரத்தில் அவர்கள் வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவார்களோ என்று பயந்தேன்.

பேத்தி மூன்று இட்லி தின்றாள். சாயங்காலமே வாந்தி தொடங்கியது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருடம் அவர்கள் குற்றாலத்திலேயே ரூம் போட்டார்கள். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவதாக மகள் சொன்னாள். புளியும் பூண்டும் நிறைய வைத்து அரைத்து, உடனே ஃப்ரிட்ஜில் வைத்தேன். என்னிடமே பாடம் படித்தவர்கள் வந்து சோதித்தாலும் குறை சொல்ல முடியாது.

மகள் ஹோட்டல் பார்சலோடு வந்தாள்.

"நீங்க ஏம்ப்பா கஷ்டப்படணும்? ஒங்களுக்கும் சேத்து வாங்கியாந்துட்டேன்."

என் வீட்டு மேஜையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தேன். பேத்தி பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"தாத்தா, நீங்க சட்னி அரைக்கலையா?"

மகள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இல்லட்டி" என்றேன்.

மகளின் முகத்தில் நிம்மதி தெரிந்தது.