பிரஷ் இழுக்குது

ராயப்பேட்டையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிறவன் நான். பெயர் அமீன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செருப்பைக்கூடக் கழற்றாமல் "பாய், எத்தனை கோர் போட்டுத் தருவே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்ன வேலைக்கு என்று திருப்பிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். மச்சான் வீட்டில் எட்டு கோர் இருக்கிறதாம், இவருக்கு அதைவிடக் கூட வேண்டுமாம். இந்தக் கூட்டத்தோடு மாரடித்து மாரடித்து என் நாக்கில் காரம் ஏறிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஏறாமல் என்ன செய்யும்?

ஆரோக்கியராஜ் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் இல்லை. தொழில் தெரிந்தவன். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தி.நகரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாரத்துக்குக் கல்யாண ஆல்பம் செய்து கொடுப்பான். படம் எடுப்பது பாரத்தின் ஆட்கள். மணப்பெண்ணின் நெற்றி வேர்வையைத் துடைப்பது, மாப்பிள்ளையின் கன்னத்துப் பருவை மறைப்பது, பறக்கிற முடியை விடாமல் ஆளை மட்டும் வெட்டி எடுப்பது எல்லாம் இவன் வேலை. அப்பா கடலுக்குப் போனவர். இவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, படகில் ஏறினாலே வாந்தி. அதனால் பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தவன்தான், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. மனைவி எஸ்தர் லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசியும் நான் கேட்டதில்லை.

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு கடைக்கு வந்தான்.

"பாய், என் மெஷின் அவ்ளோதான். பிரஷ் இழுக்குது."

படத்தில் முகத்தைச் சுத்தம் செய்ய, திரையில் ஓட்டுவதைத்தான் பிரஷ் என்கிறான். மவுஸ் பிடித்த கை எங்கே போகிறதோ, அதுவும் கூடவே போக வேண்டும். அவனுக்கு அது பின்தங்கிப் பின்தங்கி வருகிறதாம். ஒரு முகத்துக்கே காலைப் பொழுது போய்விடுகிறது. ஆல்பம் எதையும் சொன்ன நாளில் கொடுக்க முடியவில்லை. பாரத் நல்ல பையன்தான், ஆனால் அவனுக்கும் கல்யாண வீட்டார் பிடுங்கல். தை முகூர்த்தத்துக்குள் பழைய வேகம் வராவிட்டால் வேலையை வடபழனியில் இருக்கும் ஆட்களுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டான். ஆரோக்கியராஜுக்கு அந்த ஒரு ஸ்டுடியோவை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

அவன் வீட்டுக்குப் போய்ப் பழைய மெஷினைப் பார்த்தேன். எட்டு ஜிபி மெமரி. ஆல்பத்தின் ஒரு பக்கத்தைத் திறந்ததுமே கழுத்துவரை நிரம்பிவிட்டது. படத்துக்கு மேல் படமாக அடுக்கி வைத்திருக்கிற ஃபைல் அது, அந்த மெமரி எந்த மூலைக்குக் காணும்? இவ்வளவு நாள் ஓடியதே பெரிது. கையோடு அவனைக் கடைக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். எஸ்தரும் மார்க்கெட்டை முடித்துவிட்டு நேராக அங்கே வந்து சேர்ந்தாள்.

"பதினாறு கோர் போட்டுரு பாய்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தொழில் தெரிந்தவனும் இப்படிப் பேசினால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

"பிரஷ் ஓட்டறது ஒண்ணு ரெண்டு கோர் செய்யற வேலைடா. மத்ததுங்க கைய கட்டிக்கினு வேடிக்கை பார்க்கும். அதிகமா இருக்கறதவிட, இருக்கறது ஒவ்வொண்ணும் வேகமா இருக்கணும். எட்டு போதும். மிச்சத்த மெமரில போடு."

"கோருன்னா இன்னாண்ணே?" என்று எஸ்தர் கேட்டாள்.

"உங்க மார்க்கெட்ல மீன் வெட்டறவங்க கீறாங்கல்ல, அவங்கதாம்மா கோரு. முன்னாடி கீற பலகைதான் மெமரி. பத்து பேர் கத்தியோட நின்னாலும் பலகை சின்னதா இருந்தா இன்னா பண்ணுவாங்க?"

"சண்ட போடுவாங்க" என்றாள்.

மூன்று பேரும் சிரித்தோம். எட்டு கோர், முப்பத்திரண்டு ஜிபி மெமரி என்று முடிவானது. வாரண்டி அட்டையில் கையெழுத்துப் போட்டான். எறும்பு ஊர்ந்த மாதிரி, போகப் போகப் பொடிந்து, கடைசி எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. "பேனா என்னுதுதாண்டா, மை உன் காசா?" என்று கிண்டல் செய்தேன். அவனும் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன், முகத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

புது மெஷினை மாட்டிக் கொடுத்த நாளில் அவன் ஆல்பத்தைத் திறந்தான். தொட்டதும் திறந்தது. முன்பெல்லாம் ஒரு ஆல்பத்தைப் பிரிண்டுக்கு ஏற்றிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருவானாம். இப்போது டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். மறுநாள் எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வஞ்சிரம் கொடுத்தனுப்பினாள். எனக்கும் ஒரு மிதப்புதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது போன் செய்தான்.

"பாய், இதுவும் இழுக்குது."

என் கையால் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய சாமான்கள். விரலைக் காட்டிச் சொல்லட்டும், எது சரியில்லை என்று. கடையைப் பாதியில் மூடிவிட்டுப் பட்டினப்பாக்கத்துக்கு வண்டியை விட்டேன்.

திரையில் கோபாலபுரத்துக் கல்யாணப் பெண் ஒருத்தியின் முகம் நிறைந்து இருந்தது. "பாரு" என்று ஆரோக்கியராஜ் கன்னத்தில் பிரஷை ஓட்டினான். ஊர்ந்தது. முதல் கோடு ஓரளவு நீளம், அடுத்தது குட்டை, அதற்கடுத்தது புள்ளியாக நின்றுவிட்டது.

"தள்ளு" என்று நான் உட்கார்ந்தேன். பிரஷ் என் கையோடு ஓடியது. வளைத்தேன், சுழற்றினேன், வேண்டுமென்றே தாறுமாறாக இழுத்தேன். ஒரு இடத்தில்கூடப் பின்தங்கவில்லை. இருந்தாலும் வேறு மவுஸ் மாட்டிப் பார்த்தேன். அதுவும் ஓடியது.

"உன் கைக்கு மட்டும் எப்டி ஓடுது பாரு" என்று சொல்லிக்கொண்டே அவன் மறுபடி உட்கார்ந்து ஓட்டினான். அப்போதுதான் நான் திரையை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தேன். இத்தனை மாதமாக நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் ஒன்று இழுக்கிறது என்றால் அது மெஷின்தான். எல்லோரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் கை மவுஸ் பலகையின் மேல் விரற்கடை தூரம் நகர்ந்தது, தயங்கியது, பிறகு அதில் பாதி நகர்ந்தது.

டிரைவர் கோளாறு, விண்டோஸ் கோளாறு என்று நூறு பொய் எனக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லை.

ஆரோக்கியராஜ் என் முகத்தைப் பார்த்தான். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். மெஷின் எவ்வளவு உழைக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற இடம் அது. எட்டு கோருக்கும் எட்டுக் கட்டங்கள். எட்டிலும் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மெமரி பாதிக்கு மேல் காலி. அதை ஓரமாக வைத்துக்கொண்டே பிரஷை மறுபடி ஓட்டினான். கோடு அசைந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை.

"இது சும்மா உக்காந்துக்கினு கீது பாய்" என்றான். "எனக்காகக் காத்துக்கினு கீது."

அடுப்படி வாசலில் எஸ்தர் நின்றிருந்தாள். கோடும் கட்டமும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவன் சொன்னது புரிந்துவிட்டது. சட்டைப் பொத்தான் போட இவ்வளவு நேரமா என்று தான் கத்தியதை, கோயிலுக்குப் போகும் வழியில் தேர் மாதிரி அசைந்து வராதே என்று சொன்னதை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே குழம்பு தீய்ந்த நாற்றம் தெரியாமல் இருந்தானே என்று ஏசியதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சோம்பேறின்னு திட்டனேன்ணே" என்று சொல்லும்போது அழுதுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. மெஷினில் குறை என்றால் கழற்றி வேறு மாட்டியிருப்பேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

ராயப்பேட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருமாகப் போனோம். நரம்பு டாக்டர் ஓர் அம்மா. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். தட்டினான். இரண்டு விரலுக்கும் நடுவில் இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, விரல் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இன்னும் வேகமா தட்டுங்க."

"இதான் மேடம் வேகம்."

பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்றார், கை கால் அசைவு, கையெழுத்து, மோப்பம் எல்லாவற்றையும் மெல்ல மெல்லக் குறைத்துவிடுமாம். மாத்திரை போட்டால் கை கொஞ்சம் இளகும், நடையும் தேறும், ஆனால் நோய் போகாது, வருஷம் போகப் போக ஏறும் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆரோக்கியராஜ் தலையை ஆட்டினான். எஸ்தர்தான் கேட்டாள்.

"தைக்குள்ள சரியாயிருமா டாக்டரம்மா?"

எதற்குத் தை என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மாத்திரை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது அவன் போன் அடித்தது. பாரத். சத்தமான தெரு என்பதால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, புது மெஷின் எப்படி இருக்கு? ஸ்பீடு வந்துருச்சா? தையில நிறைய புக்கிங் வந்திருக்கு, எல்லாம் உங்களுக்குத்தான்."

எஸ்தர் ஆரோக்கியராஜின் முழங்கையைப் பிடித்தாள். மாத்திரை போட்டுப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட மாட்டானா என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"மெஷின் நல்லா கீது தம்பி" என்றான். "நீ அந்த வடபழனி ஆளுங்களுக்கே குடுத்துரு."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போடப் பார்த்தான். பையின் வாய்க்குக் கை போய்ச் சேரவில்லை. நானும் எஸ்தரும் தொடாமல் நின்றோம். அவனே போட்டு முடிக்கிறவரை நின்றோம்.