சிப்பு மூலையில் எங்கள் எழுத்துகள்

மேடையில ஒருத்தர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாலே எனக்குச் சந்தேகம் வந்துடும். எங்க கம்பெனிப் பெரியவர் அன்னைக்கு அப்படித்தான் பேசினாரு. ஏஐ கம்ப்யூட்டருக்குன்னு இப்ப ஒரு மெமரி வருதே, இட்லித் தட்டு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின சிப்பு, அதைச் செய்யற கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிடலாம். அதுக்குப் போட்டியா நாங்க வேற மாதிரி ஒண்ணு கொண்டு வர்றோம், விலையும் கம்மி, சூடும் கம்மின்னு சொல்லி, பளபளன்னு ஒரு வில்லையைத் தூக்கிக் காட்டினாரு. கூட்டம் கை தட்டுச்சு. நான் ஜமுனாமரத்தூர்ல எங்க வூட்டு முன்ரூம்ல உக்காந்து லேப்டாப்புல அதைப் பாத்துக்கிட்டு நகத்தைக் கடிச்சிக்கிட்டிருந்தேன். அவர் கையில இருந்தது வெறும் பொம்மை. உள்ள ஒண்ணும் கிடையாது. அந்தச் சிப்பை வரையற டீம்லதான் நான் இருந்தேன், எனக்குத் தெரியாதா?

ஃபேக்டரிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி சிப்போட வரைபடத்துல தப்பு இருக்கான்னு பாக்கறது என் வேலை. அதாவது, அடுத்தவங்க செஞ்சதுல நொட்டை சொல்றதுக்குச் சம்பளம். "உனக்குன்னே செஞ்ச வேலை"ன்னு எங்க வூட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. அவர் இங்க மலை ஆஸ்பத்திரியில நர்ஸ். கல்யாணமாகி ரொம்ப வருஷம் அவர் மலை மேல, நான் பெங்களூர்ல. சனிக்கிழமை திருப்பத்தூர்ல எறங்கி மலை பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கிட்டு வந்து, மறுநாள் அதே வளைவுல திரும்பிப் போறதுக்குப் பேரு குடித்தனமாம். இந்த டீம்லதான் வூட்ல இருந்தே செய்ன்னு விட்டாங்க. சிப்பு செஞ்சா டீம் இருக்கும், டீம் இருந்தா நான் மலையில இருப்பேன். செய்யலைன்னா மறுபடி பொட்டியைக் கட்ட வேண்டியதுதான். வேற எந்தக் கம்பெனிக்காரனும் என்னை இங்க உக்கார வெச்சுச் சம்பளம் குடுக்க மாட்டான்.

மேடைப் பேச்சுக்கு அப்புறம் நெட்டுல ஆளாளுக்கு எழுதினாங்க. கதை வுடறாங்க, படம் காட்றாங்க, கடைசியில செய்யவே மாட்டாங்கன்னு. அதைப் படிக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டு, அடுப்புல குழம்பைக் கொதிக்க வுட்டுட்டுப் படிப்பேன். சிப்பு வந்தா அதைச் சோதிக்க ஒரு போர்டு வேணும், அதையே இன்னும் ஆர்டர் பண்ணலை. மீட்டிங்கு எல்லாம் தள்ளித் தள்ளிப் போச்சு. எங்க டீம் லீடரு வாணியம்பாடித் தம்பி, பெங்களூர் ஆபீஸ்ல இருக்காரு. அவரைக் கேட்டா, "அல்லா மேல பாரத்தைப் போட்டுட்டு வேலையைப் பாருங்கக்கா"ம்பாரு. அவர் குரல்லயே உதறல் தெரியும்.

மலையில மேகம் எறங்கி மழை புடிச்சா நெட்டு போயிடும். மத்தவங்களுக்கு அது மழை. எனக்கோ, லாகின் ஆகலைன்னா என்னைத் தூக்கிட்டாங்கன்னு தோணும். பக்கத்து வூட்டு ஜன்னல்ல போய், "உங்களுக்கும் நெட்டு இல்லையாங்க?"ன்னு கேட்டு, "இல்லம்மா"ன்னு அந்தம்மா சொன்னாத்தான் மூச்சு வரும். இப்படி ஒரு பொழப்பு!

அப்புறம் ஒரு நாள் லீடர் எல்லாரோட பேருலயும் முதல் எழுத்தைக் கேட்டு அனுப்பியிருந்தாரு. அதைப் பாத்து நான் கத்தின கத்துல வூட்டுக்காரர் ஓடி வந்துட்டாரு. சிப்பு வரையறவங்க கிட்ட ஒரு பழக்கம் உண்டு. வரைபடம் ஃபேக்டரிக்குப் போற நேரத்துல, ஒரு மூலையில காலி இடம் பாத்து, செஞ்சவங்க எழுத்தைப் பொடிசாப் பொறிச்சு வெப்பாங்க. மைக்ராஸ்கோப் வெச்சாத்தான் தெரியும். செய்யறது உறுதின்னா மட்டுந்தான் எழுத்தைக் கேப்பாங்க. அன்னைக்குக் கேசரி கிண்டினேன். நெய்யெல்லாம் கையை அடக்காமதான் ஊத்தினேன்.

தலைமை ஆபீஸ்ல எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, கடைசிப் பார்வைக்கு எனக்கு வந்துச்சு. மதியம் சாப்பிட்ட கையோட உக்காந்தேன். வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆசைக்கு அந்த மூலையைப் பெருசு பண்ணிப் பாத்தேன். எழுத்து இருந்துச்சு. வரிசையா, அழகா. எல்லாம் அந்தத் தலைமை ஆபீஸ்காரங்களோடது. எங்க பெங்களூர் ஆபீஸ் எழுத்து ஒண்ணுகூட இல்ல.

லீடருக்குப் போன் போட்டேன். "பாத்துட்டீங்களாக்கா?"ன்னாரு. "என்னுதும் இல்லக்கா. சிப்பு செய்யறாங்க, அது நிச்சயம். ஆனா இதுக்கு மேல தலைமை ஆபீஸ்லயே பாத்துக்குவாங்களாம். இது ஃபேக்டரிக்குப் போனதும் நம்ம டீமைக் கலைச்சிடுவாங்க. இன்னிக்குக் காலையிலதான் சொன்னாங்க."

அடப்பாவிகளா! செய்ய மாட்டாங்களோ, செய்ய மாட்டாங்களோன்னு பயந்து பயந்து செத்தேனே, செய்வாங்கன்னா எனக்கு இன்னா ஆவும்னு ஒரு தடவையாவது யோசிச்சேனா?

தப்பு தேட ஆரம்பிச்சேன். ஒரே ஒரு தப்பு கிடைச்சாப் போதும், எல்லாம் தள்ளிப்போகும். எந்தக் கம்பியாவது எதோடயாவது ஒட்டியிருக்கக் கூடாதான்னு வேண்டிக்கிட்டே பாத்தேன். முடிச்சிட்டு முதல்ல இருந்து மறுபடியும் பாத்தேன். நான் ஏற்கெனவே பாத்துப் பாத்துத் திருத்தின படம் அது. ஒண்ணும் கிடைக்கலை.

வூட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்து நனைஞ்சுக்கிட்டு வந்தாரு. "எங்க, உன் எழுத்து எது, காட்டு"ன்னு தலையைத் துவட்டிக்கிட்டே குனிஞ்சாரு. அவர் ஒவ்வொண்ணா வாய் விட்டுப் படிச்சாரு. திரும்பவும் படிச்சாரு. என் மூஞ்சைப் பாத்தாரு.

"பயமா இருக்குங்க"ன்னேன். அவர் துண்டோட என் தோள் மேல கையை வெச்சாரு.

அதுக்குள்ள லீடர் கிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு. இன்னாக்கா, ஏதாவது இருக்கான்னு. அவரும் ஒரு தப்பு கிடைக்காதான்னுதான் கேக்கறாருன்னு எனக்குப் புரிஞ்சுது. "ஒண்ணும் இல்ல தம்பி, சுத்தமா இருக்கு, அனுப்பிடுங்க"ன்னு அடிச்சேன்.