லொரெட்டாவின் கடைசிக் கலவை

மிச்சிகன் ஏரிக்கரை மதுக்கூடத்தில் இருபது வருடமாக மது கலந்து கொடுப்பவள் லொரெட்டா. கோடையின் கடைசி பீச் பழமும் இலையுதிர் காலத்தின் முதல் ஆப்பிள் சாறும் ஒருசேரக் கிடைக்கும் வாரத்தில், இரண்டையும் விஸ்கியில் சேர்த்துக் கிராம்பு தட்டிப் போடுவாள். அதற்கென்றே ஊர் திரண்டு வரும்.

இந்த வருடம் தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததில் அவள் நாக்கில் ருசியே செத்துப்போயிருந்தது. யாரிடமும் சொல்லாமல், கைப்பழக்கத்தை நம்பிக் கலந்தாள்.

முதல் மடக்கிலேயே மீனவன் வெர்னனின் முகம் கோணியது.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு, லொரெட்டா."

"பொய் சொல்லாத. உன் மூஞ்சியே சொல்லுதே."

"கிராம்பு தொண்டையப் பிடிக்குது. குடிச்சுப் பாக்கலயா நீ?"

"பாத்தேன்டா. எனக்குத் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு."

கலந்து வைத்திருந்த ஜாடியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு முதலாளியைப் போனில் அழைத்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.