குடிக்காதவனின் தள்ளாட்டம்

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நான் வேலை பார்க்கும் மளிகைக் கடை முதலாளி வந்து சொன்ன அன்று, என் மனைவி சந்தோஷம் தாங்காமல் எங்கள் ஒற்றை அறையைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். பையன் ஜூரோங்கில் புதிதாகத் திறந்த தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். டோபி காட் பக்கம் வீடு. எங்கள் ஒரே மகளுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஆனால் அவர்கள் வருவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அது நான் விழித்திருக்கும் நேரமே இல்லை.

என் ஈரல் சுருங்கிப் போயிருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் வந்த காமாலை சரியாக ஆறாமல் உள்ளேயே இருந்து வேலை செய்துவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் நான். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலே கால் துவண்டது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பிக்கொண்டது. எல்லாவற்றையும்விட விசித்திரம் தூக்கம்தான். இரவு முழுக்கக் கண் கொட்டாது. வெயில் ஏற ஏறக் கண்ணில் யாரோ மணலைக் கொட்டிய மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்தபடியே, பேசிக்கொண்டிருக்கும்போதே, சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுவேன். அதுவும் அந்த நோயின் குணம்தானாம்.

எங்கள் சனத்துக்கு ஈரல் கெட ஒரே வழிதான் தெரியும். வயிற்றையும் பகல் தூக்கத்தையும் ஆடுகிற கையையும் பார்த்தவர்கள் என்னைக் கள்ளுக்கடை ஆள் என்றே முடிவு கட்டினார்கள். மளிகைக் கடையில் மிளகைப் பொட்டலம் கட்டும்போது கை வெட்டி வெட்டி ஆடும், பாதி கீழே சிந்தும்.

"என்னா மாமா, காலையிலேயே மாபோக்கா?" என்பார்கள். நான் கூச்சத்தில் சிரிப்பேன். அந்தச் சிரிப்பும் போதைச் சிரிப்பாகத்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உண்மையில் நான் கள்ளை நாக்கில் வைத்தவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி போர் நடத்தினாள். சாய்ந்தால் தூங்கிவிடுவேன் என்று முதுகு இல்லாத முக்காலியில் உட்கார வைத்தாள். கெட்டியான கோப்பி கொடுத்தாள். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டாள்.

"ஏங்க, கண்ணை மூடாதீங்க. மூடினா கிள்ளுவேன், வந்தவங்க பாத்தாலும் கிள்ளுவேன்."

"நீங்க கிள்ளுறத பாத்தா அவங்க அப்பிடியே ஓடிருவாங்கம்மா," என்றாள் மகள். பூ வைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். அவ்வளவு நேரம் விழித்திருந்ததே எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

பையனையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாட்டசாட்டமான ஆள், குரல் தெருவுக்கே கேட்கும். மகள் கோப்பி கொண்டுவந்ததுவரை எனக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் கிளாஸ் உடைந்த சத்தம்தான். என் கையிலிருந்து நழுவிய கிளாஸ். கோப்பி மாப்பிள்ளையின் அப்பா வேட்டியில் தெறித்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு குழறியது.

"ராத்திரி கொஞ்சம் ஜாஸ்தியோ அண்ணே?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். "சரி லா, நாங்க சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மகள் அழவில்லை.

"வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும்பா. ஆனா உங்களக் குடிகாரன்னு நெனச்சுக்கிட்டு வேணாம்னு சொல்லக் கூடாது." பிறகு வேறு எங்கோ பார்த்தபடி சொன்னாள்: "அவர்தான் குனிஞ்சு கிளாஸ் சில்லையெல்லாம் பொறுக்கினார்."

அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு வேகம் வந்தது. அன்று இரவு வழக்கம்போல விழித்துக் கிடந்தபோது எனக்குத் தோன்றியது: அவர்கள் பார்த்தது தூங்குகிற என்னை. விழித்திருக்கிற என்னை அவர்கள் இன்னும் பார்க்கவே இல்லையே! பையன் ஜூரோங் போக விடியுமுன்னே லாரி ஏறுவான். அப்போது அந்த வீடும் விழித்திருக்கும்.

கிழக்கு வெளுக்குமுன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். செலிகி ரோட்டில் கடைகளை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் தூணுக்குத் தூண் கை ஊன்றி, நின்று, மூச்சு வாங்கி நடந்தேன். கால் பஞ்சாக இருந்தது. மனசு மட்டும் மூட்டை தூக்கிய காலத்து வேகத்தில் முன்னால் ஓடியது.

மாப்பிள்ளையின் அப்பா வாசல் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பையன் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றான்.

"அண்ணே! என்னா இந்த நேரத்துல? யாருக்கு என்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எனக்கு இதான் பகல். கிட்ட வாங்க, என் வாய மோந்து பாருங்க."

பெண்களோடு, பெரியவர்களோடு, முதலாளியோடு நிமிர்ந்து பேசாத நான்தான் அதைச் சொன்னேன். அந்த மனுஷர் உண்மையிலேயே குனிந்து மோந்து பார்த்தார். பையன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான்.

"பல்பொடி வாசனைதான் வருது," என்றார்.

காமாலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். உப்பில்லாச் சோறு, ஊதிய வயிறு, தலைகீழாகிப்போன இரவும் பகலும். சந்தேகமிருந்தால் ஆஸ்பத்திரிக்கு என்னோடு வாருங்கள் என்றேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி கோப்பியோடு வந்து நின்று கேட்டாள். இந்த முறை இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டேன்.

"நாந்தான் அவசரப்பட்டு வாய விட்டேன்," என்றார் அவர். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அது சரி. கல்யாணத்தன்னிக்கு மேடையிலயும் தூங்கிட்டீங்கன்னா?" என்று கேட்டார்.

"விடியக்காலையில முகூர்த்தம் வைங்க. ஒங்க ஆளுங்க பூராம் தூங்கி வழிவாங்க. நான் ஒருத்தன்தான் முழிச்சிருப்பேன்."

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுச் சன்னல் திறந்தது. "டேய், லாரி போனாப் போவட்டும்," என்று மகனிடம் கத்தினார். "சைக்கிள எடு. சம்பந்திய வீட்ல விட்டுட்டு வா!"

சம்பந்தி! சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வரும்போது அந்தச் சொல்தான் காதில் இருந்தது. என் மருமகன் ஒரு கையால் சைக்கிளை ஓட்டி, மறு கையால் என் முட்டியைப் பிடித்துக்கொண்டான், நான் விழுந்துவிடாமல்.

விடியற்காலையிலேயே கல்யாணம் நடந்தது. தாரை வார்க்கையில் என் கை ஆடி, தண்ணீர் ஐயர் மடி வரைக்கும் தெறித்தது. முன்வரிசையில் யாரோ குசுகுசுத்தார்கள். சம்பந்தி மேடையிலேயே எழுந்து நின்று, "நான் மோந்து பாத்தாச்சு லா! எங்க சம்பந்தி சுத்தமான ஆளு!" என்று கூவினார். மண்டபமே சிரித்தது. கூச்சத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. மாலைக்குள்ளிருந்து என் மகள் மட்டும் நிமிர்ந்து, அத்தனை பேரையும் நேராகப் பார்த்துச் சிரித்தாள்.